ஐந்தாவது ஒயர்

டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் சனிக்கிழமை காலை என்றால் கூட்டம் நெரியும். வேலைவெட்டி இல்லாதவர்களின் கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பல் டாக்டர் வருவார். வேதியியல் வாத்தியார் வருவார். பேக்கரிக்காரர் மாவுக்கட்டுப் போட்ட காலோடு வருவார். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு. மணல்மேட்டில் பந்தயம் ஓட்டுகிற நாலு சக்கர பைக் ஒன்று, யார் எதைச் சொன்னாலும் நம்புகிற நல்ல மனசு ஒன்று.

அந்த வண்டிகளின் இருக்கைக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். இக்னிஷன் பெட்டி என்பார்கள். இன்ஜினுக்குள் எந்தக் கணத்தில் தீப்பொறி விழ வேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. கம்பெனியில் வைத்து அனுப்பும் பெட்டி பயந்த சுபாவம் உள்ளது. இன்ஜின் ஓர் அளவுக்கு மேல் சுற்றினால் பொறியை நிறுத்தி அடக்கிவிடும். இன்னும் வேகம் வேண்டும் என்கிறவர்கள் வெளியே வேறு பெட்டி வாங்கி மாட்டிக்கொள்வார்கள்.

அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? வண்டி எந்த மாடல் என்று பார்க்க வேண்டும். ஒயர் முனை பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். புதுப் பெட்டி இன்ஜினை எத்தனை சுற்றுவரை ஓடவிடும், அதை நம் இன்ஜின் தாங்குமா என்று யோசிக்க வேண்டும். யோசிக்க வேண்டும் என்ற இடத்தில்தான் பலர் களைத்துப் போனார்கள்.

அந்தக் களைப்பைப் போக்க வந்தவர்தான் செவியார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கொட்டகையின் நடுவில் பழைய கார் இருக்கை ஒன்றில் உட்கார்ந்திருப்பார். வந்தவரின் மணிக்கட்டை இடது கையால் பிடித்து நாடி பார்ப்பார். வலது கையால் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் காதோடு வைத்துக் கண்ணை மூடுவார். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே ஒரு துடிப்பு உண்டாம். அது ஓட்டுகிறவரின் நாடியோடு ஒத்துப்போனால் அதுதான் அவருடைய பெட்டியாம். பெட்டியின் உள்ளே பார்க்க வழியில்லை. கறுப்புப் பிசின் ஊற்றி முழுக்க அடைத்திருக்கும். உள்ளே பார்க்க முடியாத எந்தப் பொருளுக்கும் நல்ல விலை கிடைக்கும் என்பது செவியாருக்குத் தெரிந்திருந்தது.

சில நிபந்தனைகளும் உண்டு. பழைய பெட்டியை அவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும், வீட்டில் வைத்திருந்தால் இரண்டும் சண்டை போடும். புதுப் பெட்டியை மாட்டும் முன் ஒரு வார காலம் விரதம் இருக்க வேண்டும். அந்த வாரத்தில் வண்டியின் காற்று வடிகட்டியைக் கழுவ வேண்டும், பிளக்கை மாற்ற வேண்டும், டயரில் காற்றைச் சரிபார்க்க வேண்டும், செயினுக்கு எண்ணெய் விட வேண்டும், சீக்கிரம் தூங்க வேண்டும். இதையெல்லாம் செய்து முடித்து ஓட்டிப் பார்த்தால் வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பழத்துக்குக் காக்கையிடம் விலை கொடுத்தார்கள்.

அவர் பெட்டியில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்றும் இருந்தது. மற்ற பெட்டிகளுக்கு ஐந்து ஒயர். செவியாரின் பெட்டிக்கு நாலே நாலு. ஐந்தாவது ஒயர் என்பது பெட்டியின் உயிரை உறிஞ்சுகிற ஒயர், அதை நான் எடுத்துவிட்டேன் என்று அவர் விளக்குவார். அதில் பாதி உண்மை. இந்த வண்டிகளில் ஒரு சுருள் கயிறு உண்டு. அதன் ஒரு முனை கைப்பிடிச் சுவிட்சில் மாட்டியிருக்கும், மறுமுனையை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். ஆள் கீழே விழுந்தால் கயிறு கழன்று வரும், உடனே இன்ஜின் நின்றுவிடும். அந்த நிறுத்துகிற கட்டளை பெட்டிக்குப் போகிற வழிதான் ஐந்தாவது ஒயர்.

போன மாதம் பேக்கரிக்காரர் ஒரு வளைவில் விழுந்தார். கயிறு கழன்றது. வண்டி நிற்கவில்லை. ஆள் இல்லாமலே மைதானத்தை வளைத்து வந்து அவர் கால்மேலேயே ஏறி, வேலியை உடைத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்துதான் ஓய்ந்தது. மற்றவர்களாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். இவர்கள் கொட்டகையில் கூடிக் கண்கலங்கினார்கள். எஜமான் விழுந்த பிறகும் ஓட்டத்தை விடாத பெட்டி, அவரைத் தேடி வந்த பெட்டி, என்ன விசுவாசம் என்றார் செவியார். பேக்கரிக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே இன்னொரு பெட்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

இந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவன் ஒரு தம்பி. தரைக்கு ஓடு பதிக்கிற வேலை. அளவு பிசகினால் ஓட்டைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கிற ரகம். அப்படிப்பட்டவன்தான் பல வாரங்கள் கைபேசியில் பெட்டிகளாகப் பார்த்துப் பார்த்துக் குழம்பிப்போனான். ஒருத்தர் புகழ்கிற பெட்டியை அடுத்தவர் குப்பை என்றார். ஒரு பெட்டி மணலுக்கு ஆகாது என்றார்கள், அதே பெட்டியை வைத்து மணலில் ஜெயித்தேன் என்றார் இன்னொருவர். கடைசியில் அவன் கையை நீட்டிக்கொண்டு செவியார் முன் உட்கார்ந்தான். அவர் கண்ணை மூடினார். அவன் பாரம் இறங்கியது.

அவனுக்கு ஓர் அக்கா. காது ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிக்கிறவள். அம்மா போன பிறகு இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்த சொந்தம் அவன் ஒருவன்தான். அவன் வண்டி ஓட்டுவது அவளுக்குப் பிடிக்காது, ஆனால் தடுத்ததில்லை. விழுந்தால் நின்றுவிடும் என்று அவன் சொல்லியிருந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்திவந்தாள்.

பேக்கரிக்காரர் கதை அவள் காதுக்கு எட்டிய அன்று சாயங்காலம் தம்பி வீட்டு வாசலில் வண்டியை முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அந்தக் கயித்த இழு."

"எதுக்குக்கா?"

"இழுடா."

இழுத்தான். கயிறு கையோடு வந்தது. இன்ஜின் அது பாட்டுக்குச் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவன் குனிந்து பெட்ரோல் குழாயை மூடினான். குழாயில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்துவிட்டு வண்டி தானாக நின்றது.

"நீ விழுந்தா இது நிக்காதா?"

"நான் விழ மாட்டேன்க்கா. அதான் பெட்டி பொருந்திடுச்சே."

பந்தயத்தில் ஆளையும் வண்டியையும் பரிசோதித்து அனுப்புகிறவர் இதைப் பார்க்க மாட்டாரா என்று அக்கா கேட்டாள். பார்ப்பார், கயிறு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார் என்றான். அது எதையாவது நிறுத்துமா என்று பார்ப்பது அவர் வேலையில் இல்லை. தவிர, அவரும் செவியாரிடம் பெட்டி வாங்கியவர். அக்கா கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். உனக்குக் காதைப் பற்றித்தானே தெரியும், இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று அவன் ஒரு போடு போட்டான். சண்டையில் சொல்லக்கூடிய மிக மோசமான வார்த்தை அதுதான் என்று நினைத்திருப்பான்.

"அவரும் காதாலதானடா பாக்குறாரு," என்றாள் அவள்.

அவள் வேலை செய்யும் இடத்தில் சத்தம் புகாத ஒரு சின்ன அறை உண்டு. வந்தவரை உள்ளே உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வாள். எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காது மங்கிவிட்டதை ஒத்துக்கொள்ள மனசு வராதவர்கள் சும்மாவே அழுத்துவார்கள். அதனால் அவள் நடுநடுவே எந்தச் சத்தமும் அனுப்பாமல் காத்திருப்பாள். அந்த அமைதியிலும் சிலர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, அடித்து அடித்து அழுத்துவார்கள். ஒன்றுமே இல்லாததைக் கேட்கிற காதை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றே தம்பியிடம் ஓர் ஒப்பந்தம் பேசினாள். அவன் பெட்டியை அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் ஐந்து பெட்டிகளைத் துணியில் சுற்றிக் கொட்டகைக்கு எடுத்து வருவாள். தம்பியின் நாடிக்குப் பொருந்துவது எது என்று செவியார் சொல்ல வேண்டும். அவர் ஜெயித்தால் அவள் இனி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். தோற்றால், கயிறு மறுபடி வேலை செய்யத் தொடங்கும்வரை அவன் வண்டியைத் தொடக் கூடாது. தம்பிக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து என்ன, ஐம்பது கொண்டு வா என்று பெட்டியைக் கழற்றிக் கொடுத்தான்.

காது ஆஸ்பத்திரியில் காதுக் குழிக்கு அச்சு எடுக்க ஒருவித மாவு வைத்திருப்பார்கள். காதை அச்செடுக்கிற மாவு பெட்டியையும் அச்செடுக்கும். அவள் வேலை முடிந்த பிறகு அச்சு அறையில் தங்கினாள். கறுப்புப் பிசினும், மின்சாரக் கடையில் ஒயரும், மளிகைக் கடையில் இன்னொரு சாமானும் வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை கொட்டகையில் அவள் விஷயத்தைச் சொன்னதும் செவியார் புன்னகையோடு மறுத்தார். சோதனை என்று வந்தால் பெட்டிகள் வெட்கப்படும் என்றார். அவரை மாட்டிவிட்டது அவருடைய பரம பக்தரான வேதியியல் வாத்தியார்தான். ஐயா, நம்மைக் கேலி செய்கிறவர்கள் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம், இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று எழுந்து நின்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. செவியார் வாத்தியாரைப் பார்த்த பார்வையில் அன்பு இல்லை. ஆனால் கைதட்டலுக்கு எதிராக மறுப்பு சொல்லி அவருக்குப் பழக்கமும் இல்லை.

அக்கா ஐந்து பொட்டலங்களை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் துணிக்கு வெளியே நாலு ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. ஓர் ஏற்பாட்டையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். எதிலும் துடிப்பு இல்லை என்று ஐயாவுக்குத் தோன்றினால் அப்படியும் சொல்லலாம், தப்பில்லை என்றாள். ஐயா அதைச் சிரித்துத் தள்ளினார்.

தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார். முதல் பொட்டலத்தைக் காதில் வைத்தார். முகம் சுளித்தது. இது கோபக்காரப் பெட்டி, ஒருத்தரைக் கீழே தள்ளியிருக்கிறது என்றார். பேக்கரிக்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். இரண்டாவதில் சஞ்சலம் இருக்கிறது, பெண் கை பட்டிருக்கிறது என்றார். அன்று அவர் சொன்னதில் இது ஒன்றுதான் சரி. மூன்றாவது செத்துப்போய்விட்டது என்று துக்கத்தோடு தள்ளி வைத்தார். நாலாவதைக் காதில் வைத்ததும் உடம்பு ஒரு முறை குலுங்கியது. ஐந்தாவதை அவர் தொடவே இல்லை.

"இதுதான் தம்பியோடது. நாடியும் இதுவும் ஒண்ணா அடிக்குது."

"சந்தேகமே இல்லையா?" என்று கேட்டாள் அக்கா.

"பெத்தவளுக்குப் பிள்ளையோட குரல் தெரியாதா, அம்மா?"

அவள் துணியைப் பிரித்தாள். பட்டறைப் பலகையில் கிடந்த ரம்பத்தை எடுத்து, பெட்டியை இடுக்கியில் இறுக்கி, தம்பியைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அறுத்தாள். பாதி அறுபட்டதுமே கொட்டகையில் ஒரு வாசனை பரவியது. பெட்ரோல் வாசனையும் டயர் வாசனையுமாக இருந்த இடத்தில் ரோஜா மணத்தது. பெட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குளியல் சோப்பு இருந்தது.

தம்பியின் பெட்டி மற்ற நாலில் ஒன்றாக இருக்கும், ஐயா கவனம் சிதறிவிட்டார் என்று வாத்தியார் ஆரம்பித்தார். எல்லாவற்றையும் அறுக்கச் சொன்னார். அறுத்தாள். கோபக்கார சோப்பு வெளியே வந்தது. சஞ்சலப்பட்ட சோப்பு வந்தது. செத்துப்போன சோப்பு வந்தது. தொடாமல் விட்டதும் சோப்புதான். தம்பியின் பெட்டி அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. எடுத்து அவனிடமே கொடுத்தாள்.

கூட்டத்துக்குக் கோபம் வந்தது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, கோபம் அவள்மேல்தான் வந்தது. இது மோசடி, ஒன்றிலாவது உண்மைப் பெட்டி வைக்க வேண்டாமா என்றார் பல் டாக்டர். எதிலும் இல்லை என்று சொல்லலாம் என முதலிலேயே சொன்னேனே, அந்தக் கதவை நான் சாத்தவில்லையே என்றாள் அவள். இதற்குள் செவியார் சுதாரித்துவிட்டார். குரலில் ஈரம் சேர்த்துக்கொண்டார்.

"அம்மா, அந்தப் பெட்டி உன் கையால செஞ்சது. தம்பி மேல நீ வச்சிருக்கற பாசம்தான் அதுக்குள்ள துடிக்குது. அதத்தான் நான் கேட்டேன்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். பின்வரிசையில் இருந்த ஒருவர் அந்த சோப்பு விலைக்குக் கிடைக்குமா என்று மெதுவாக விசாரித்தார். நாளைக்குப் பந்தயம். இவ்வளவு செய்தும் தம்பி அந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தபடியே அக்கா சோப்புத் துண்டுகளைத் துணியில் அள்ளினாள்.

தம்பி ரம்பத்தைக் கையில் எடுத்தான்.

தன் பெட்டியை இடுக்கியில் வைத்து, தரை ஓடு அறுக்கிற நிதானத்தோடு மேல்பூச்சை ஓரமாக வெட்டினான். கறுப்புப் பிசின் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதற்கு அடியில் இன்னொரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதில் வண்டிக் கம்பெனியின் முத்திரை இருந்தது. கம்பெனியிலேயே வைத்து அனுப்பும் அதே பயந்த சுபாவப் பெட்டி. ஐந்தாவது ஒயர் அடியோடு நறுக்கப்பட்டு, செம்பு முனை மட்டும் பளபளத்தது. பெட்டியின் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பூ வரைந்திருந்தது.

வாத்தியார் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அவர் மகள் வரைந்த பூ அது. போன வருஷம் சண்டை போடும் என்று சொல்லி ஒப்படைத்த பழைய பெட்டி.

அப்புறம் அவரவர் வண்டியிலிருந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு ரம்பத்துக்கு வரிசை நின்றார்கள். கீறலையும் கறையையும் வைத்துத் தங்கள் பழைய பெட்டிகளை அடையாளம் கண்டார்கள். பல் டாக்டரின் பெட்டிக்குள் பந்தயப் பரிசோதகரின் பெட்டி இருந்தது. பரிசோதகருக்குள் பேக்கரிக்காரர் இருந்தார். ஒருவர் வீட்டுப் பெட்டியை அடுத்தவருக்கு, அடுத்தவர் வீட்டுப் பெட்டியை இவருக்கு என்று மாற்றி மாற்றி விற்றதைத் தவிர செவியார் வேறு எந்தப் பாவமும் செய்யவில்லை. ஒயரை நறுக்கியதும்கூடக் கெட்ட எண்ணத்தில் இல்லை. கம்பெனிப் பெட்டிக்கும் தன் பெட்டிக்கும் ஏதாவது ஒரு வித்தியாசம் தெரிய வேண்டாமா?

சத்தம் ஏறியபோது அவர் எழுந்து கொட்டகைக்குப் பக்கவாட்டில் நின்ற தன் சொந்த வண்டியில் ஏறி முடுக்கினார். அவசரம்தான், கூட்டம் துரத்துகிறது. ஆனாலும் ஒரு காரியத்தைச் செய்ய அவர் மறக்கவில்லை. கைப்பிடியில் தொங்கிய சுருள் கயிற்றை எடுத்துத் தன் மணிக்கட்டில் மாட்டினார். மாட்டிவிட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு முறை இழுத்தும் பார்த்தார். கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டார் போல. முடுக்கிய இன்ஜின் பட்டென்று நின்றது.

எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சோப்பு செய்யாத வேலையை அந்தக் கயிறு செய்தது. ஓடவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்த செவியாரிடம் வாத்தியார் மெதுவாகக் கேட்டார்.

"உங்க வண்டியில எத்தன ஒயருங்க ஐயா?"

அந்தப் பதிலையும் மீதிக் கதையையும் போலீஸ் கேட்டுக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கம்பெனிப் பெட்டியோடுதான் பந்தயத்துக்குப் போனான். செவியாரின் தட்டுக்குக் கீழே இருந்த குவியலில் தேடி, தன் பழைய பெட்டியையே எடுத்து வந்திருந்தான். வேகத்துக்கு வேறு பெட்டி வாங்குவதைப் பற்றி வண்டியின் கையேட்டைப் படித்த பிறகு யோசிக்கலாம் என்று அவனே சொன்னான். அக்கா வேலி ஓரமாக நின்றாள். கூட்டத்தின் இரைச்சலில் அவன் வண்டிச் சத்தத்தை மட்டும் அவள் காது பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. மணல்மேட்டின் அந்தப் பக்கம், கண்ணுக்கு மறைந்த வளைவில், அந்தச் சத்தம் திடீரென்று நின்றது. அவன் விழுந்துவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. வண்டி நின்றுவிட்டது என்றும் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் மேட்டின் உச்சியில் உடம்பெல்லாம் மணலோடு அவன் நொண்டிக்கொண்டு வருவது தெரிந்தது. மணிக்கட்டில் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள், வெட்கப்படவில்லை.

செவியார் போய்ப் பல வாரம் ஆகிவிட்டது. பேக்கரிக்காரர் மட்டும் இன்னும் அந்தப் பெட்டி தன்னைத் தேடித்தான் வந்தது என்கிறார். பல் டாக்டர், வேகம் கூடும் என்று பெட்ரோல் குழாயில் கட்டுகிற காந்தம் ஒன்றைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். இருவருமே ஹெல்மெட் விஷயத்தில் மகா கண்டிப்பானவர்கள். இருப்பதிலேயே உயர்ந்த ரகம்தான் வாங்குவார்கள். தலையைக் காப்பாற்ற இத்தனை அக்கறை எடுத்துக்கொள்கிறவர்கள் அந்தத் தலையை ஒரு முறை உபயோகித்தும் பார்க்கலாம்.